இருபத்தாறுக்கு இருபத்து மூன்று

போன வாரம் தையல்காரியைப் பழுப்பு உறையும் கையுமாக வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். உறைக்குள் இருந்தது ஒரே ஒரு தாள்தான்.

"தங்கள் மகளுக்கான மாற்றுத்திறன் உதவித்தொகை விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தாங்கள் அளித்த பதில்களின்படி குழந்தை அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாள். மறுபரிசீலனை வேண்டுமானால் பதினான்கு நாட்களுக்குள் குழந்தையுடன் நேரில் வரவும்."

அந்தப் பதினான்கில் பதின்மூன்று நாள் ஓடிவிட்டது. தையல்காரி யாரிடமும் மூச்சு விடவில்லை. தைத்தாள், வெட்டினாள், காஜா போட்டாள். தாளை மட்டும் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் திணித்து வைத்திருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், அறுந்துபோன பட்டன் ஒன்றைத் தைத்துக்கொள்ள நூல் தேடிய நாத்தனார் டிராயரைத் திறந்தாள்.

நாத்தனார் மாடி வீட்டில் இருக்கிறாள். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, ஏன் தாமதம், யார் ஓட்டினார் என்று இருபத்தெட்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"இது என்ன?"

"ஒண்ணுமில்லை அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது முத்திரை குத்தி அனுப்புவானா? நீ எழுதிக் குடுத்த படிவத்தோட நகல் எங்கே?"

நகல் வந்தது. டைம் கீப்பர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு விரலால் எண்ணினாள். தானே பல் துலக்குவாளா? ஆம். தானே உடுத்திக்கொள்வாளா? ஆம். தானே சாப்பிடுவாளா? ஆம். இப்படியே இருபத்தாறு கேள்வி. மூன்றே மூன்று இடத்தில்தான் 'இல்லை'.

"இருபத்தாறுக்கு இருபத்து மூணு! டிஸ்டிங்ஷன்!"

"கேலி பண்ணாதீங்க அண்ணி."

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? ஆரத்தழுவிக்கவா?"

தையல்காரி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒன்பது வருஷமா எல்லாரும் 'அவளுக்கு அது வராது, இது வராது'ன்னே சொல்லிட்டிருக்காங்க. அந்தக் கேள்வியெல்லாம் பார்த்ததும் எம்பொண்ணுக்குப் பரீட்சை வெச்ச மாதிரி இருந்துச்சு. நல்ல மார்க் வாங்கிக் குடுத்துடணும்னு தோணிடுச்சு."

"வாங்கிக் குடுத்துட்டே. பாஸ் பண்ணி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார ஓர் உதவியாளர் இருக்கிறாள். உதவித்தொகை ஆணை வந்தால்தான் அடுத்த பருவத்துக்கும் அவள் இருப்பாள். "உதவியாளர் இல்லாம இவளை வகுப்புல வெச்சுக்க எனக்கு வழி தெரியலைம்மா" என்று தலைமை ஆசிரியை கையைப் பிசைந்துகொண்டு சொல்லியாகிவிட்டது. அந்த ஆணைக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு நாள்.

"நாளைக்கு எனக்கு லீவு" என்றாள் டைம் கீப்பர். "காலையில அஞ்சரைக்குக் கீழே வர்றேன். நீ தினமும் என்ன செய்வியோ அதைச் செய். நான் இருக்கறதையே மறந்துடு."

"அஞ்சரைன்னா அஞ்சரைதானே அண்ணி? அவகிட்ட சொல்லி வைக்கணும்."

"யார்கிட்ட கேக்கறே அந்தக் கேள்வியை!"

'அவள்' என்பது மகள், அந்த வீட்டின் மேனேஜர். ஒன்பது வயது, ஆட்டிசம். பேர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. எந்தக் கதவு எத்தனை விரற்கடை திறந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லா நிர்வாகமும் அவளுடையது. நீங்கள் போகிற போக்கில் "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்றால் அறுபது எண்ணிவிட்டு வந்து நிற்பாள். அறுபத்தொன்றில் நீங்கள் வரவில்லையென்றால் உலகம் இடிந்து அவள் தலைமேல் விழும். அதற்குப் பிறகு அவளைத் தேற்றி எடுக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் அந்த வீட்டில் யாரும் நிமிஷத்தைச் சும்மா வாயில் போட்டு மெல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு முன், "செல்லம் குடுத்துக் கெடுக்கறே. நீ கையை விட்டாத்தான் அவ கத்துக்குவா" என்று டைம் கீப்பர் ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து தையல்காரி இவளிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அப்படிச் சொன்னவள்தான் இப்போது உதவிக்கு வந்து நிற்கிறாள்.

ஐந்தரைக்குப் படியிறங்கினாள். கையில் டிப்போவில் எழுதுகிற தாள்கட்டு. மூன்று பத்தி கோடு போட்டிருந்தாள்: நேரம். நடந்தது. செய்தது யார்.

"அது எதுக்கு அண்ணி, மூணாவது?"

"டிப்போவுல 'வண்டி போச்சு'ன்னு மட்டும் எழுதினா என் வேலை போயிடும். யார் ஓட்டிட்டுப் போனாங்கன்னு எழுதணும்."

தையல்காரி கவுனை இஸ்திரி போட்டாள். விறைப்பு போவதற்காக அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். மறுபடி லேசாக இஸ்திரி போட்டாள். பிறகு கட்டிலில் இடமிருந்து வலமாக, போட்டுக்கொள்கிற வரிசையில் ஒவ்வொரு துணியாக அடுக்கினாள்.

"ஏம்மா, தையல் வெளிப்பக்கம் இருக்கே. புரட்டிப் போட்டுட்டியா?"

"இல்லை அண்ணி. தையல் உள்ளே உரசினா அவளுக்கு முள்ளு குத்தற மாதிரி. அதான் அவ துணிக்கு மட்டும் வெளிய வெச்சுத் தைக்கறேன். மேல ஒரு பட்டி ஓட்டி மறைச்சுடுவேன். பார்க்கறவங்க டிசைன்னு நெனச்சுக்குவாங்க."

டைம் கீப்பர் பேனாவை நிறுத்தினாள். "நானும் டிசைன்னுதான் நெனச்சேன். அஞ்சு வருஷமா."

ஆறு மணிக்கு மேனேஜர் எழுந்து வந்தாள். அத்தையைப் பார்த்தாள். "அஞ்சரைக்கு வந்தாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"சரியா அஞ்சரைக்கு."

தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். தையல்காரி பின்னாலேயே போனாள். சமையலறையில் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டு டைம் கீப்பர் அந்தப் பக்கம் ஓடினாள். வந்து, 'ஆறு பத்து. குழந்தை தானே பல் துலக்கினாள்' என்று எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பேனா ஓயவில்லை. கெட்டில் கூவுவதற்கு ஒரு நொடி முன்னால் தையல்காரி மூடியைத் தூக்கினாள். குழாயை நூல் போல் திறந்தாள். ரொட்டியின் ஓரங்களை வெட்டி, முட்டையைத் தொடாமல் தட்டில் வைத்தாள். அன்றைக்குப் பள்ளி இல்லை, ஆபீஸ் என்பதை நாலு படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். அவள் மூன்று நாளாக ஒவ்வொரு வேளையும் அதைக் காட்டி வந்திருக்கிறாள். போவதா வேண்டாமா என்று தனக்கே தெரியாத நாட்களிலும் மகளைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறாள்!

தையல்காரியின் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், வேலைக்குக் கிளம்பினான். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வாசல் தாண்டினான்.

"நீயுமாடா?" என்றாள் அக்கா.

"டக்டக்னு சத்தம் வருமில்லே. மேனேஜருக்கு ஆகாது. கேட்டுக்கு வெளிய போய் மாட்டிக்குவேன்."

"இதையெல்லாம் ஏண்டா நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட சொன்னதே இல்லை?"

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? லிஃப்ட்ல ஏறுறவன் கயித்தையா பார்க்கறான்? அது பாட்டுக்கு மேல போகுதுன்னுதான் நெனச்சுக்குவான்." குரலைத் தணித்தான். "உறை வந்ததையே நேத்துதான் என்கிட்ட சொன்னா. திட்டாதேக்கா. நானும் அந்தப் படிவத்தைப் படிச்சுட்டு 'சூப்பர்'னு சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஒன்பது மணிக்கு மூன்று தாள் நிறைந்துவிட்டது. டைம் கீப்பர் கடைசிப் பத்தியைக் கூட்டினாள். தந்தை ஒன்று. குழந்தை ஆறு. தாய் நாற்பத்தொன்று.

மறுபடியும் எண்ணினாள். நாற்பத்தொன்றுதான்.

"இங்க வா. உட்காரு."

"நேரமாச்சு அண்ணி, அவ காது மூடியை எடுத்து வைக்கணும்..."

"நான் எடுத்து வெச்சாச்சு. உட்காருன்னா உட்காரு. ஒரு வண்டி ரோட்டுல ஓட டிரைவர் ஒருத்தன், கண்டக்டர் ஒருத்தன், மெக்கானிக் ஒருத்தன், நேரம் பார்க்க நான் ஒருத்தி. நாலு பேர் பார்க்கற வேலையை நீ ஒருத்தி பார்த்துட்டு, படிவத்துல 'வண்டி தானா ஓடுது'ன்னு எழுதியிருக்கே. படிச்சவன் என்ன செய்வான்? தானா ஓடுற வண்டிக்கு எதுக்கு டீசல்னு கேக்கறான்."

தையல்காரி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"செல்லம் குடுக்கறேன்னு சொன்னேனே, அது தப்பு" என்றாள் டைம் கீப்பர். பஸ் நேரம் அறிவிக்கிற அதே குரல்தான். "எனக்குத் தெரியலை. இப்பத் தெரியுது. கிளம்பு."

ஆபீஸில் பதினொன்றே காலுக்குச் சீட்டு கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞன் தலையைத் தூக்காமலே, "ஒரு நிமிஷம் உட்காருங்க" என்றான்.

தையல்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் எண்ணத் தொடங்கியாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று...

டைம் கீப்பர் ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "தம்பி, அந்த ஒரு நிமிஷத்தை வாபஸ் வாங்கிக்குங்க."

"என்னது?"

"நிஜமா எவ்வளவு ஆகும்?"

"ஒரு முப்பது, முப்பத்தஞ்சு..."

"எங்களுக்கு ஒரே நம்பரா வேணும். இந்தப் பொண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. சீக்கிரம், முப்பத்தாறு எண்ணிட்டா."

அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தான். காது மூடியோடு எண்ணிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்ததோ, கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "நாற்பது நிமிஷம்மா. பதினொண்ணு அம்பத்தஞ்சு. நானே வந்து கூப்பிடுவேன்."

எண்ணிக்கை நின்றது. அந்த நாற்பது நிமிஷத்துக்குள் டைம் கீப்பர் மறுபரிசீலனைப் படிவம் ஒன்றை வாங்கித் தானே நிரப்பி, தையல்காரியைக் கையெழுத்துப் போட வைத்து உள்ளே கொடுத்தாள்.

பதினொன்று ஐம்பத்து நாலுக்கே அவன் கதவோரம் வந்துவிட்டான். வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டதும்தான் வாயைத் திறந்தான். "வாங்கம்மா." டைம் கீப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை. "டிப்போவுக்கு வர்றியா தம்பி, வேலை போட்டுத் தர்றேன்" என்றாள்.

உள்ளே இருந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பத்து வாரத்துக்கு முன்னாடி நீங்க எழுதினது இது. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இதுல இருபத்து மூணு 'ஆம்'. இப்போ மறுபரிசீலனைக்குக் குடுத்திருக்கறதுல எல்லாம் 'இல்லை'. ரெண்டுல எதும்மா பொய்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி போலத்தான் கேட்டார்.

தையல்காரி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். மேனேஜர் மேஜை மேலிருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டில் தன் முகத்தைப் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பொண்ணு கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா? அப்புறம் நான் எல்லாம் சொல்றேன்."

"குழந்தையை வெச்சுக்கிட்டுத்தான் விசாரிக்கணும். விதி."

ஒன்பது வருடமாக அந்த ஒரு வார்த்தை மகள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டவள் இவள். 'முடியாது' என்று சொன்ன உறவுக்காரர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். சொன்ன டாக்டரை மாற்றினாள். இப்போது அவளே, மகளை வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உதவியாளர் இருப்பாள், பள்ளிக்கூடம் இருக்கும்.

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

டைம் கீப்பர் மூன்று தாளையும் மேஜையில் வைத்தாள்.

"இது என்ன, டிப்போ தாள் மாதிரி இருக்கு?"

"மாதிரி இல்லை சார், அதேதான். இன்னைக்குக் காலையில அஞ்சரையிலேருந்து ஒன்பது வரைக்கும் அந்த வீட்டுல நடந்தது. பார்த்து எழுதினது நான்."

அதிகாரி படித்தார். முதல் தாளில் கண் ஓடியது. இரண்டாவதில் நடந்தது. மூன்றாவதில் நின்று நின்று போனது.

"நீங்க சொந்தக்காரங்க. சொந்தக்காரங்க எழுதினதை நான் ஆதாரமா எடுத்துக்க முடியாதே. அம்மா சொல்லட்டும். குழந்தை தானா உடுத்திக்குவாளா, மாட்டாளா? ஒரே வார்த்தை."

தையல்காரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"ரெண்டு பட்டன் நான்."

எல்லாரும் திரும்பினார்கள். மேனேஜர் ஒரு பக்கக் காது மூடியை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தாள். பார்வை பேப்பர் வெயிட்டிலேயே இருந்தது.

"நடுவுல ரெண்டு பட்டன் நான் போடுவேன். மேல ரெண்டு, கீழ ரெண்டு அம்மா. மொத்தம் ஆறு."

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரி. அப்புறம்?"

"அத்தை தப்பு."

"அய்யோ, நானா?" என்றாள் டைம் கீப்பர்.

அதிகாரியின் கையிலிருந்த தாளைத் தலைகீழாகவே படித்திருக்கிறாள் குழந்தை. சுட்டு விரலை நீட்டினாள். "ஆறு பத்து. 'தானே பல் துலக்கினாள்.' தப்பு. அம்மா கதவுக்கு வெளிய நின்னு எண்ணுவாங்க. நூத்திருபது வரைக்கும். நூத்திருபதுன்னா நிறுத்தணும். எண்ணலைன்னா நான் நிறுத்த மாட்டேன். ரத்தம் வரும். ரெண்டு தடவை வந்துச்சு."

அதிகாரி அந்த வரியை விரலால் தேடினார்.

"தானா முடியாது" என்றாள் மேனேஜர், மணி சொல்வது போல. "அம்மா இருந்தா முடியும்."

தையல்காரி மகள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "உனக்கு... இதெல்லாம் தெரியுமாடா?"

"தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்."

சொல்லிவிட்டுக் காது மூடியை மறுபடி போட்டுக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை தகவல் சரி செய்யப்பட்டாகிவிட்டது. ஒன்பது வருடம் அம்மா மறைத்து வைத்த வார்த்தையை, வெட்கமோ வருத்தமோ இல்லாமல், எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். அம்மா செய்த ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

டைம் கீப்பர் தாளை வாங்கி, ஆறு பத்துக்கு எதிரே இருந்ததை அடித்து, 'தாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "நாற்பத்திரண்டு" என்றாள் தனக்குள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் எழுதியதில் அடித்தல் விழுந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி கோப்பில் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: "'தானா முடியாது. அம்மா இருந்தா முடியும்.' குழந்தையின் வாக்குமூலம்." முத்திரை குத்தினார். "மறுபரிசீலனைக்கு எடுத்துக்கிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்..."

"பொறுங்க. இன்னும் முடியலை. பத்து நாளுக்குள்ள மதிப்பீட்டாளர் ஒருத்தர் வீட்டுக்கு வருவாங்க. எந்த நாள்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். அவங்க அறிக்கை இல்லாம ஆணை போட முடியாது."

"சொல்லாம வந்தா இவளுக்கு..."

"புரியுதும்மா. ஆனா அதுதான் நடைமுறை. காலையில வந்து ஒரு மணி நேரம் இருப்பாங்க. அந்த ஒரு மணி நேரமும் நீங்க எதுக்கும் உதவி செய்யக் கூடாது. குழந்தை தானா என்ன செய்யுதுன்னு அவங்க பார்க்கணும்."

"அந்த நேரத்துல அவ பல் துலக்கப் போனா?" என்று கேட்டாள் தையல்காரி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "தடுக்கக் கூடாது. இந்த நிபந்தனைக்கு நீங்க சம்மதம் எழுதிக் குடுக்கணும். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா உங்களால? ஆம், இல்லை, ஏதாவது ஒண்ணு."

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

தையல்காரி பேனாவை எடுத்தாள். 'ஆம்' என்று எழுதிப் பழகிய கை. அவள் சம்மதித்தால் ஆணை வரும், உதவியாளர் இருப்பாள், அடுத்த பருவம் உண்டு. டைம் கீப்பர் பேனா முனையையே பார்த்தாள். இந்தத் தடவை அவள் நடுவில் புகவில்லை.

தையல்காரி பேனாவை மூடி, மேஜையில் வைத்தாள். மகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முடியாது சார்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "என்னால முடியாது. அதை எழுதிக்குங்க."

அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதிகாரி படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தொலைபேசியை எடுத்து, மதிப்பீட்டாளர் பிரிவைக் கூப்பிட்டார்.